இறக்கத்தில் ஏறுவது

அடிவாரத்தில் எழுபத்தெட்டு.
இருபதாவது கொண்டை ஊசியும் கடந்து
ஏரிக்கரையில் நிறுத்தும்போது நாற்பத்தொன்பது.
இப்போதெல்லாம் ஏற்காட்டை நான்
சதவீதத்தில்தான் அளக்கிறேன்.

போன ஐப்பசிவரை டீசல்.
இரண்டாம் கியரில் அது இருமுவதைக் கேட்டே
ஏழாம் வளைவுக் குரங்குகள்
தடுப்புச்சுவரில் வரிசை கட்டும்.
இப்போது நான் கடந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கின்றன,
பந்தியில் தங்களுக்கு இலை போடாமல் போனவளைப் பார்ப்பதுபோல.

சங்ககிரியில் நாலு லாரி வைத்திருக்கும்
கொழுந்தனார் சிங்காரவேலு சொல்வார்:
"டார்ச் லைட்டுல ஏறி உட்கார்ந்து
ஊர்கோலம் போறீங்க அண்ணி."
சிரிப்பார்.
டீசல் விலை என்னவென்று நான் கேட்பேன்.
சிரிப்பு அதோடு நிற்கும்.

இன்றைய சவாரி
பெல்ஜியத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அம்மாபேட்டைக்காரர்,
கூடவே மகள், ஒன்பது வயதிருக்கும்.
அங்கே தெருவுக்குத் தெரு இந்த வண்டிதானாம்.
நார்வேயில் பெட்ரோல் கார் வாங்குபவனைத்
தேடித்தான் பிடிக்க வேண்டுமாம்.
சீனாக்காரன் கப்பல் கப்பலாக ஏற்றுகிறானாம்.
உலகம் மாறுகிறது, உலகம் மாறுகிறது என்று
பின்சீட்டில் அவர் சொல்லச் சொல்ல
பதிமூன்றாம் வளைவில்
ஒரு காட்டெருமைக்காக நின்றேன்.

டீசலென்றால் நாலு வளைவுக்கு முன்பே
அதற்குத் தெரிந்திருக்கும்.
வெள்ளைக் காலுறை போட்ட கால்களைத் தாரில் ஊன்றி
என்னைப் பார்த்தது.
ஹாரன் அடிங்க என்றார்.
அடிக்கவில்லை.
மூச்சு கேட்டது, அதனுடையது.
இத்தனை வருஷமும் இந்தச் சாலையில்
அது மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

லேடீஸ் சீட்டில் வானம் தெளிவு.
மேற்கே மேட்டூர் அணை
நசுங்கிய தகரத்துண்டாய் மின்னியது.
பக்கத்தில் வெள்ளையாய் ஏதோ எழுந்து நின்றது.
"மேகம்" என்றாள் சிறுமி.
மேகமில்லை கண்ணு, கரண்டு காய்ச்சும் இடம்.
என் வண்டியின் புகை
அங்கே போய் நின்றுகொண்டிருக்கிறது.
அவள் அப்பா கேமராவை வேறு பக்கம் திருப்பினார்.

இந்த மலையின் செம்மண்ணை வெட்டி
அலுமினியத்துக்கு அனுப்பிய காலத்தில்
அந்த லாரி ஓட்டியவர் என் அப்பா.
அவர் இறக்கிப்போன மண்
எந்த நாட்டில் எந்த வண்டியின் கதவாய்
இப்போது சாத்தப்படுகிறதோ.
என் பேட்டரிக்குள் யாருடைய மலையோ.
காங்கோவில் ஒரு பையன்
இடுப்புக் கயிற்றோடு குழிக்குள் இறங்குவதை
செல்போனில் பார்த்தேன்.
"நம்ம மாடல்ல அந்தச் சரக்கே இல்லைங்க மேடம்"
என்றான் ஷோரூம் பையன்.
எந்த மாடலைக் கேட்டாலும்
அப்படித்தான் சொல்வான் என்று தோன்றியது.
கையெழுத்துப் போட்டேன். அறுபது தவணை.

இறங்கும்போது காலை எடுத்தால் போதும்.
பிரேக் கருகும் நாற்றம் இல்லை.
பங்குனிக் காப்பிப்பூ
ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கிறது.
ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.
சிறுமி ஒவ்வொரு வளைவிலும் எண் சொல்லிக் கத்துகிறாள்.
வாங்கியது இருபத்தொன்பது, திருப்பித் தந்தது எட்டு.
மலை முழுசாய்த் தருவதில்லை.
இருந்தாலும் என் வங்கி மேனேஜரைவிட
நல்ல மனசு.

இரவு, கண்ணங்குறிச்சி.
வாடகை வீட்டுச் சுவரில் ஒயரைச் செருகியதும்
மாடிவீட்டு டியூப்லைட்
ஒரு கணம் சோர்ந்து எழுந்தது.
மிக்சி ஒன்று பாதியில் நின்றது.
"யாருங்க அது, கரண்டை இழுக்கிறது?"
மேலிருந்து குரல்.

இருட்டில் நின்றுகொண்டிருந்தேன்,
கையில் ஒயரின் இளஞ்சூடு.

"நான்தாங்க" என்றேன்.