பதினேழாவது ஓட்டம்

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது, மூன்றே வரி.
"வெப்பவலயத்தில் விமான உறைபனி ஆய்வின் பொருத்தப்பாடு
தெளிவாக இல்லை.
வாழ்த்துகள்."
அந்த வாழ்த்துகள்தான் எனக்கு விளங்கவில்லை.

பனி என்று சொன்னால்
பனையா என்று திருப்பிக் கேட்கிற ஊர்தான் இது.
ஆனால் பதினாறாயிரம் அடிக்கு மேலே
நல்லூருக்கும் குளிர்காலம், வருடம் முழுக்க.
கார்த்திகை முகிலுக்குள்
பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாத துளிகள் மிதக்கின்றன,
தொட ஒன்றும் கிடைக்காததால் இன்னும் தண்ணீராக.
பலாலிக்கு வருகிற விமானம்
இறக்கையின் முன்விளிம்பை நீட்டுகிறது.
பட்ட கணம், ஐஸ்.

ஆகவே குருநகர் ஐஸ் கொம்பனியில்
இரவு பத்திலிருந்து நாலு வரை
ஒரு குளிர் அறை, வாடகைக்கு.
இறக்கைத் துண்டு, படகு கட்டுகிற றெஜிஸ் வார்த்துத் தந்தது.
கண்ணாடியிழை, மூன்று அடி,
கேட்காமலே நீலப் பெயின்றும் அடித்திருந்தான்.
துளிகளுக்கு, வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற நாசில்,
கோண்டாவிலில் வாங்கினேன்.
காற்றுக்கு, கல்யாண மண்டபத்து மின்விசிறி இரண்டு.
வேண்டிய வேகம் மணிக்கு நானூறு கிலோமீற்றர்.
என்னிடம் இருப்பது நாற்பது.
அதையும் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ரோச் பிடிக்க எமில்டாக்கா.
பகலில் இறால் நிறுக்கிறவ.
"இது பிளேன் விழாமல் இருக்கவோ?"
"ஓம்."
"விழுத்துறதுக்கு இல்லையே?"
"இல்லை அக்கா."
கொஞ்ச நேரம் விசிறிகள் மட்டும் பேசின.
பிளேன் சத்தம் கேட்டால் இப்பவும்
நினைப்புக்கு முன்னம் முழங்கால் மடங்குகிற மனுசி.
பிறகு ரோச்சைப் பிடித்தா,
நான் சொல்லாத கோணத்தில்,
என் கையின் நிழல் விழாமல்.

மைனஸ் பதினைந்தில் வருவது வெள்ளை ஐஸ்.
வந்ததும் தெரியும், நின்றதும் தெரியும்.
மைனஸ் நாலில் வருவதுதான் கள்ளன்.
கண்ணாடிபோல வழுக்கி ஓடி
மேலொன்று கீழொன்றாகக் கொம்பு வளர்க்கும்.
கொம்புகூட வேண்டாம்.
முன்விளிம்பில் கல்லுப்புத் தூவியதுபோல ஒரு சொரசொரப்பு போதும்,
தூக்குவிசையில் மூன்றிலொன்று போய்விடலாம்.
யன்னலோரம் இருக்கிறவருக்கு
இறக்கை ஈரமாய் மினுங்கும், அவ்வளவுதான்.
படம்கூட எடுப்பார்.

பதினேழாவது ஓட்டம், இருபத்திரண்டாவது நிமிடம்,
கணவாய் லொறி வந்தது.
கதவு திறந்தது.
வெப்பமானி ஆறு பாகை ஏறியது.
கொம்பின் நுனி வியர்த்து, உருண்டு,
திரும்ப உறைந்தபோது வேறு யாரோவின் மூக்கு.

அந்த வரியை அழித்திருக்கலாம்.
பதினாறும் பதினெட்டும் அழகான வளைகோட்டில் நிற்கின்றன,
இடையில் ஒரு புள்ளி போனால் ஆருக்குத் தெரியும்?
ஆனால் அப்படி அழித்த புள்ளிகளுக்கு மேல்தான்
எங்கோ ஒருவர் ஏறி இருந்து பெல்ற் போடுகிறார்.
எழுதினேன்:
கதவு. கணவாய். 2.40.

என்ன கண்டுபிடிச்சனி என்று அம்மா கேட்பா, ஒவ்வொரு விடியலிலும்.
நடக்காத ஒன்றை எந்தப் பாத்திரத்தில் வைத்துக் காட்டுவது?
விமானம் இறங்கும். ஆட்கள் பெட்டி தேடுவார்கள்.
ஓட்டோக்காரனோடு ஐம்பது ரூபாய்க்குச் சண்டை பிடிப்பார்கள்.
அந்தச் சண்டைதான் என் முடிவுரை.

நாலு மணி.
வேணியர் வைத்து அளந்தேன்,
மேல்கொம்பு பதினொரு மில்லிமீற்றர்.
சுரண்டிப் போட்டதை
எமில்டாக்கா சவளால் அள்ளி
இறால் பெட்டிக்குள் கொட்டினா.
"ஐஸ் ஐஸ்தானே."

லொறி கொழும்புக்கு.
என் பதினொரு மில்லிமீற்றரும் போகிறது,
கடிதம் வந்த அதே வழியால்.
ஆனையிறவு தாண்டும்வரை
உருகாமல் இருந்தால் சரி.