சந்தா

குறுவை அறுப்பு முடிந்து
கோரையாறு கலங்கி ஓடிய ஐப்பசி.
கொள்முதல் நிலையக் களத்தில்
தார்ப்பாய் போர்த்திய நெல்,
ஈரப்பதம் எத்தனை என்று
யாராவது சொல்லக் காத்துக் கிடந்தது.

நான் சங்கத்தில் இல்லை.
மாதம் ஐம்பது ரூபாய் சந்தா.
ஐம்பது ரூபாய்க்கு என் வீட்டில்
இரண்டு நாள் பாலும் ஒரு கட்டுக் கீரையும் வரும்.
'அடுத்த மாசம் பாப்போம்' என்பேன்.
வைரக்கண்ணு ரசீதுப் புத்தகத்தை மூடி
பேனாவைக் காதில் செருகிக்கொள்வார்.
கோபித்துக்கொள்ள மாட்டார்.
அதுதான் குத்தும்.

மூட்டைக்குக் கூலி உயரவேண்டும் என்று
பதினொரு நாள் கேட்டின் முன் உட்கார்ந்தார்கள்,
கொக்கிகளைத் துண்டில் முடிந்து வைத்துவிட்டு.
நான் உட்காரவில்லை. தூக்கவும் இல்லை.
மன்னார்குடியில் மச்சான் கல்யாணம் என்று
நாலு மாதம் முன்பே முடிந்த கல்யாணத்தைச் சொல்லி
வீட்டுக்குள் கிடந்தேன்.

ஏழாம் நாள் மழை.
தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டது.
பெரிய பண்ணை நெல் இல்லை அது.
நாலு மா குத்தகைக்காரி சந்திரோதயத்தின் நெல்.
முளையை உள்ளங்கையில் ஏந்தி வந்து
வைரக்கண்ணு முன்னால் நீட்டினாள்:
'உங்க நியாயம் என் நெல்லுலதான் மொளைக்கணுமா?'
கோஷம் போட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள்.
அவள் மகனும் அந்த வரிசையில்தான் இருந்தான்.

பன்னிரண்டாம் நாள் கூலி உயர்ந்தது.
மூட்டைக்கு மூன்று ரூபாய்.
எனக்கும்.
யாரும் என் பங்கைப் பிரித்து வைக்கவில்லை.
சனிக்கிழமை எண்ணி வாங்கினேன்.
நோட்டு புதுசு. கை கூசியது.
கூசிய கையாலேயே மடித்து வைத்தேன்.

சங்கத்தைச் சொல்ல எனக்கும் உண்டு.
முதல் லாரி எப்போதும் செயலாளரின் மைத்துனனுக்கு.
களம் கூட்டும் பெண்கள் எட்டுப் பேர்;
கொடியேற்றும் நாளில் கோலம் போடக் கூப்பிட்டவர்கள்
ஏட்டில் பேர் எழுத மட்டும் மறந்தார்கள்.
விவசாயியிடம் மூட்டைக்கு இவ்வளவென்று வாங்கும் டீக்காசு
எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்கு வரவில்லை.
நானும்தான் வாங்கினேன்.
கணக்குக் கேட்டவன் அடைக்கலம் ஒருவன்;
மறுவாரம் முழுக்க அவனுக்கு
அட்டியின் உச்சி வரிசை.

மாசியில் அட்டி சரிந்தது.
நாற்பது கிலோ. ஒன்றல்ல, ஆறு.
என் வலது முழங்காலின் மேல்.

ஆபீஸ்காரர் நோட்டைப் புரட்டி
'இந்தாளு பேரு இதுல இல்லையே' என்றார்.
பொய்யில்லை.
எந்த நோட்டிலும் நான் இல்லை.

தஞ்சாவூர் வரை ஆட்டோவில்
என் காலைத் தன் மடியில் தாங்கி வந்தார் வைரக்கண்ணு.
வேகத்தடைக்கு வேகத்தடை
'மெதுவா, மெதுவா' என்று டிரைவரைத் திட்டினார்.
சந்தாப் பேச்சை எடுக்கவே இல்லை.
சொல்லிக்காட்டியிருந்தால் லேசாயிருந்திருக்கும்.

சங்க நிதியில் எனக்குத் தர விதியில்லை.
துண்டை விரித்தார்கள்.
நாலாயிரத்து இருநூறு.
அதில் உமித்தூசி படிந்த பத்து ரூபாய்த் தாள்கள்
களம் கூட்டும் பெண்களுடையவை.
தும்மலிலேயே தெரிந்தது.

இப்போது மூட்டை தூக்க முடியாது.
கோணியூசி பிடித்து சாக்கு வாய் தைக்கிறேன்.
நேற்று ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
வைரக்கண்ணு ரசீதில் பேரைத் தப்பாய் எழுதினார்.
திருத்தச் சொன்னேன்.
அடித்து எழுதினார்: சித்திரவேலு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.
எழுந்து நிற்க எனக்கு நேரமாகும்;
அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும் அவர்கள்.
மைத்துனனின் லாரி,
எட்டுப் பெண்களின் பேர்,
நான் வாங்கியதையும் சேர்த்து அந்த டீக்காசு,
சந்திரோதயத்தின் முளைத்த நெல்லுக்கு யார் பதில்.

கேட்டால் உச்சி வரிசை தருவார்கள்.
தரட்டும்.
ஏற எனக்குக் கால் ஏது.