கன்பராவில் குனிந்தவன்

பெல்ட், சாவி, சில்லறை
எல்லாம் தட்டில் போட்டாயிற்று.
பிறகும் கத்தியது இயந்திரம்:
காற்சட்டைப் பையில் அளவு நாடா.
வேலைப் பழக்கம்.

நாடாளுமன்றத்துக்குள்
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் குனிந்தேன்.
பளிங்குக்கும் பளிங்குக்கும் நடுவே
நகம் நுழையவில்லை.

கேள்வி உண்டா என்றாள் வழிகாட்டி.
இந்தத் தரையை யார் பதித்தது?
கட்டடக் கலைஞரின் பெயரைச் சொன்னாள்.
அவருக்கு முழங்கால் வலித்திருக்காது.

கூரை மேல் புல்.
அமைச்சர் கீழேதான் இருக்கிறாராம்.
ஏழு வருடமாய் என் கோப்பும்
அவருடைய ஏதோவொரு மேசைக்கடியில்.
மெல்ல நடந்தேன்,
அதன்மேல் இன்னும் தூசி விழக்கூடாதே என்று.

வெளியேறும்போது
டோக்கனை வாங்கிக்கொண்டு நாடாவைத் தந்தார்கள்.
இழுத்துப் பார்த்தேன்.
ஐந்து மீட்டர். சரியாயிருந்தது.