இடக்கட்டைவிரலுக்கு வெள்ளை

எண்ணுவது என் வேலை.
எண்ணிப் பார்ப்பது தார்வோவின் வேலை,
அதற்குத்தான் அவனுக்கு உதவித்தொகை.

ஈஸ்ட்டும் சோளமாவும் கரும்புப்பாகும் கொதித்த வாடை
என் கம்பளிக் கோட்டை விட்டுப் போவதில்லை.
காலைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்
ரொட்டிக்கடைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
தார்த்து நகரம் மைனஸ் பத்தொன்பதில்
மூக்கை மட்டும் வெளியே நீட்டி நடக்கிறது.
வெப்பப்பெட்டி மூன்றுக்குள் எப்போதும் இருபத்தைந்து டிகிரி,
எப்போதும் ஜூலை,
அதுவும் சரிபாதி இருட்டு உள்ள ஜூலை.
எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று வாய்த்ததே இல்லை.

குப்பிக்குப் பத்துத் தாய்ப்பழஈக்கள்,
தத்தம் இனத்து ஆண்களோடு முன்பே கூடியவை.
ஐந்து, நூற்றிருபது தலைமுறையாக இங்கேயே வளர்ந்த செங்கண்கள்.
ஐந்து, போட்டிக்கு வைத்த வெண்கண்கள்.
மூன்று நாள் முட்டையிட விட்டுத்
தாய்களை எடுத்துவிடுவேன்.
பன்னிரண்டாம் நாள், பொரித்து வளர்ந்து வந்ததை
வாயு ஊதி மயக்கி,
பீங்கான் தட்டில் கவிழ்த்து,
நாலு மயிர் மிஞ்சிய தூரிகையால் ஒதுக்கி ஒதுக்கி
இடக்கட்டைவிரலுக்கு வெள்ளை,
வலக்கட்டைவிரலுக்குச் சிவப்பு,
கிளிக், கிளிக்கிளிக், கிளிக்.

எண்ணி முடித்தவை சாராயக் குடுவைக்கு.
எனக்கு முன்னால் இருந்த யாரோ
அதன்மேல் 'பிணவறை' என்று எழுதி
ஒரு சிரித்த முகமும் வரைந்திருக்கிறார்கள்.

எத்தனை நாள் வாழ்ந்தது, எவ்வளவு உயரம் பறந்தது,
எழுதுவதற்குக் கட்டம் இல்லை.
தகுதி என்று தார்வோ சொல்வது
எச்சத்தை மட்டும்தான்.
சிவப்பை வெள்ளையால் வகு,
ஒன்றைத் தாண்டினால் சீட்டியடி.
"அப்படிப் பார்த்தால் எனக்குப் பூஜ்யம்,
உனக்கும் இன்றுவரை பூஜ்யம்" என்றேன் ஒருநாள்.
அன்றைக்கு அவன் சீட்டியடிக்கவில்லை.

தப்பியோடி ஒன்று
ஐம்பது நாள் என் ஆப்பிளைச் சுற்றித் திரிந்தது.
அதை நான் கணக்கில் காட்டவில்லை.

ஏழாம் வம்சம் எப்போதும் கடைசி.
பூஜ்யம் புள்ளி ஆறு. பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு.
சோம்பேறிக் குடும்பம் என்பான்.
குப்பியின் அடியில் அசங்காமல் உட்கார்ந்திருக்கும்
எதற்கோ காத்திருப்பதுபோல் என்று
நான் சொல்லக்கூடாது, சம்பளம் அதற்கில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிறு இரவு
வெப்பச்சுருள் கருகிப்போனது.
திங்கள் காலை கதவைத் திறந்தால் பதினாறு டிகிரி.
உதிரிபாகம் ரீகாவிலிருந்து வர எட்டு நாள்.
பன்னிரண்டாம் நாள் வந்தது,
கண்ணாடிச் சுவரெல்லாம் வெறும் கூட்டுப்புழுக்கள்.
பதினெட்டாம் நாள் எண்ணினேன்.

எல்லா வம்சமும் சரிந்திருந்தது.
ஏழில் வலக்கட்டைவிரல் நிற்கவில்லை.
சிவப்பு எழுபத்தொன்று, வெள்ளை முப்பத்திரண்டு.
அடுத்த குப்பி: அறுபத்தாறு, இருபத்தொன்பது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
ஓர் ஈ எழுந்து நடந்துபோனது,
அதையும் பிடித்து வந்து மறுபடி.

"கெட்டுப்போன சோதனை, ஹெல்வே. கழித்துவிடு."
அவன் சொன்னது சரிதான்.
ஜூலைக்குத் தக்கது எது என்றுதான்
நூற்றிருபது தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
ஏழு வேறொரு கேள்விக்குப் பதிலை
அத்தனை காலமும் சும்மா வைத்துக்கொண்டிருந்தது.

கணினியில் அந்த வரிசை இப்போது வெற்றுக்கட்டங்கள்.
என் நோட்டில் பென்சிலில் இருக்கிறது,
எழுபத்தொன்றின் ஒன்று கொஞ்சம் சாய்ந்து.

புதிய சுருள் மாட்டியாகிவிட்டது. மறுபடி ஜூலை.
மாடிப்படி ஜன்னலோரம் வெப்பமானி பதினைந்து காட்டுகிற இடத்தில்,
என் பிளாஸ்க்குக்குப் பின்னால்,
ஏழாம் வம்சத்தின் ஒரு குப்பி நிற்கிறது.
லேபிள் ஒட்டவில்லை.
யாராவது கேட்டால்
மதியச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம்,
வாடை எப்படியும் ரொட்டிதானே.