எங்குரி ஆற்றுச் சாலை, மழை

மெஸ்தியாவை விட்டு நாற்பதாவது கிலோமீட்டரில்
வைப்பர் மோட்டார் செத்தது.
ஒரு முனகல்கூட இல்லை.
சிலுவை போடத் தூக்கிய கை
பாதியில் மறந்ததுபோல்
இரண்டும் கண்ணாடி நடுவில் நின்றுவிட்டன.
அதன்பின் வண்டியை மழைதான் ஓட்டியது.

வேனில் பதினோரு பேர், பதினோரு வைத்தியம்.
உருளைக்கிழங்கை அரிந்து தேய் என்றாள் சியூரி,
சந்தை மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டியபடி.
தேய்த்தேன். தண்ணீர் முத்துக் கட்டாமல்
பாயாக வழிந்தது,
இரண்டு வளைவு வரைக்கும்.
பிறகு கண்ணாடியெல்லாம் மாவு.

புகையிலை என்றான் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன்.
மூன்று சிகரெட்டைப் பிரித்துத் தேய்த்தோம்.
வாசனை நன்றாக இருந்தது.
ஷேவிங் நுரையை நேற்றே பூசியிருக்க வேண்டும் என்றது
பின்சீட்டில் ஒரு குரல்.
நேற்றைக்குப் போகும் வண்டி என்னிடம் இல்லை.
மூர்ஸா சாராயப் புட்டியைத் திறந்தார்:
பாதி கண்ணாடிக்கு.
மீதியை நான் கேட்கவில்லை.

கடைசியில் கயிறு.
வெங்காய மூட்டை கட்டிய நைலான் கயிறு.
மோட்டாரின் மரையைக் கழற்றிவிட்டால்
வைப்பர் துவண்டுபோய், இழுத்த இழுப்புக்கு வரும்.
ஒரு முனை இந்த ஜன்னல் வழியே,
மறுமுனை அந்த ஜன்னல் வழியே.

ஜன்னலோரம் இருந்தவர்களோ
என் பின்னால் ஓதியா, அந்தப் பக்கம் லமாரா.
வேலிமேல் நிற்கும் ஒரு பேரிக்காய் மரத்துக்கு
இரண்டு பத்திரம் வைத்திருப்பவர்கள்.
ஆறு வருஷமாக என் வண்டியில்தான் கோர்ட்டுக்கு வருகிறார்கள்
(காலையில் வேறு வண்டி கிடையாது).
ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை.

முதலில் இருவருமே இழுத்தார்கள்.
கயிறு வீணைத்தந்தியாய் விறைத்தது.
ரப்பர் ஓர் அங்குலம் நகரவில்லை.
ஒருத்தர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுங்கள்
என்று கத்தினேன்.
நீதிபதியும் ஆறு வருஷமாக இதைத்தான் சொல்கிறார்.
ஆனால் நீதிபதியின் நாற்காலிக்குப் பக்கத்தில்
அறுநூறு அடிப் பள்ளம் இல்லை.

விட்டாள். இழுத்தான்.
விட்டான். இழுத்தாள்.
ஒரு விசிறி அகலத்துக்கு உலகம் திறந்தது:
பாறை, நனைந்த இரண்டு பசு, வெள்ளைக் கோடு.
மூடியது.
மறுபடி திறந்தபோது பசுக்கள் இல்லை.

குகைப்பாதைக்குள் மழை கிடையாது.
நிறுத்தலாம் என்றேன்.
காதில் விழவில்லையோ என்னவோ,
காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிடக் கிறீச்சிட
இருட்டு முழுக்க இழுத்துக்கொண்டே வந்தார்கள்.
பதினோரு பேரில் யாரும் பேசவில்லை.
மூர்ஸாகூட.

ஸுக்திதியில் வெயில்.
கோர்ட் வாசலில் லமாரா முதலில் இறங்கினாள்,
சிவந்த உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தபடி.
ஓதியா, அவள் படியேறி முடிக்கும்வரை
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.
வழக்கு ஒத்திவைப்பு.

மோட்டாருக்கு நூற்றிருபது கேட்கிறான் மெக்கானிக்.
பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.
அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
அன்றைக்கும் மழைதான் என்கிறது ரேடியோ.