மீதி

தகரக் கதவில் அச்சுத்தகடு வைத்து
நீல பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்:
2021027.
அழியாமல் பார்த்துக்கொள்,
வீடு கொடுக்கும்போது இதைத்தான் கேட்பார்கள்
என்றான் மராத்தியில் ஒருவன்.

தாராவியில் எங்கள் சந்தில்
எதிரெதிரே இரண்டு பேர் வந்தால்
ஒருவர் சுவராகிவிட வேண்டும்.
இவ்வளவு பெரிய எண் எப்படி உள்ளே நுழைந்தது
என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

இடப்பக்கம் 2021026. பதினான்கால் வகுபடும்.
வலப்பக்கம் செல்லக்கனி வீடு, 2021028,
பன்னிரண்டுக்குச் சரியாகப் போகும்.
உள்ளே படுப்பதும் பன்னிரண்டு பேர்தான்;
மூன்று பேருக்கு ராத்திரி ஷிப்ட், அதனால் இடம் போதுகிறது.
நடுவில் என்னுடையது
இரண்டுக்கு மசியவில்லை.
இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு,
ஆக, மூன்றுக்கும் இல்லை.

பிளாஸ்டிக் குடோனில் எடை எழுதுகிறேன்.
சிட்டைக்குப் பின்பக்கம் வெறுமைதான்.
நாளுக்கு ஒரு பகா எண் என்று வைத்துக்கொண்டேன்.
போனில் தட்டினால் நொடியில் சொல்லிவிடும்.
அதனால்தான் தட்டவில்லை.

ஏழு, ஒன்றே ஒன்றை மீதி வைத்தது.
பதினேழுக்கு ஒன்று குறைந்தது.
மழை பிடித்த வாரம் முந்நூறுகளில் இருந்தேன்.
முழங்கால் தண்ணீரில் சிட்டைகள் ஊறிப்போய்
நான்கு எண்களை மறுபடியும் வகுத்தேன்.

1421 வரை போனால் போதும்.
1422-ஐ அதனாலேயே பெருக்கினால்
என் கதவைத் தாண்டிவிடும்.
அதுவரை எதுவும் நுழையாவிட்டால்
இதுவும் பகா எண்.
அப்படியே இருக்கட்டும் என்று சில நாள்,
உடைந்து தொலையட்டும் என்று சில நாள்.

997 நூற்றெட்டை மீதி வைத்தது.
பிள்ளையாருக்குத் தேங்காய் என்று எழுதி அடித்தேன்.

மறுநாள் 1009.
தொடங்கி நூற்று அறுபத்தொன்பதாவது நாள்.
இரண்டு, சைபர், சைபர், மூன்று.
3027-க்குக் கீழே 3027.

தராசில் ஷாம்பு பாட்டில் மூட்டை.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது,
எடை கேட்டுக் கத்தினான் மூட்டைக்காரன்,
இரண்டாயிரத்து மூன்று என்று சொல்லப் பார்த்தேன்.

இரவு தண்ணீர் வரிசையில்
செல்லக்கனியிடம் மட்டும் சொன்னேன்,
கடைசியில் வகுபட்டுவிட்டது.
"மிச்சம் எவ்வளவு?"
ஒன்றுமில்லை என்றேன்.
"அடப் பாவமே" என்றவள்
தன் குடத்தைக் காலால் ஒதுக்கி
என்னை முன்னால் விட்டாள்.