முப்பத்து மூன்றாம் கிழமை

சட்பரியில், ஏரி இன்னும் உருகாத ஒரு சித்திரைச் சனிக்கிழமை,
ஆர்மண்ட் லஃப்ரெனியேரின் குசினி மேசையில்
ஏழாயிரத்து இருநூறு டொலரை எண்ணி வைத்தேன்.
அவர் திரும்ப எண்ணவில்லை.
விரல்களைக் காட்டினார்.
நிக்கல் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருடம்
பாறை துளைக்கும் மெஷினைப் பிடித்திருந்த விரல்கள்.
நுனியெல்லாம் மெழுகு வெள்ளை.
"கம்பியா, காற்றா, ஒன்றும் தெரிவதில்லை.
அறுபத்தாறாம் வருடத்து பேஸ் இது. முழுக்க அசல்.
என் நல்ல முழங்கால் மேல் சத்தியம்."

ஹமில்டனுக்கு ஐந்து மணி நேரம்.
திடீர்ச் சூட்டில் பழைய வார்னிஷ் வெடிக்கும் என்று
ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டினேன்.
பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன்.
பரி சவுண்டில் கோப்பி வாங்க இறங்கியபோது
கால்கள் எனக்குச் சொந்தமில்லை.

"ஆறு கம்பியில ரெண்டைக் காணேல்லை,
விலையில கழிச்சவரோ?"
வாசலில் நின்று கேட்டார் குகதாசன்.
முதல் நான்கு பேஸுக்கும்
இதே கேள்விதான் கேட்டவர்.
பிள்ளைகளுக்கு மூக்கு காய்ந்து ரத்தம் வந்த மாரியில் வாங்கிய ஈரப்பதன் மெஷின்
இப்போது யாருடைய அறையில் ஓடுகிறது என்பதை
அவர் கேட்பதில்லை. அது எங்களுக்குள் ஒரு உடன்பாடு.

இரவு வேலைக்குப் போகாத திங்கட்கிழமை
திருகாணிகளைக் கழற்றினேன்.
பாலத்து மூடிக்குக் கீழே
சத்தத்தை அமர்த்த வைத்த பஞ்சு
குரக்கன் புட்டாக உதிர்ந்தது.
சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழின் முதுகில் ஏழு இலக்கம்.
நடுவில் அறுபத்தாறு, முடிவில் முப்பத்து மூன்று:
அந்த வருடத்தின் முப்பத்து மூன்றாம் கிழமை.
ஆடி முடிகிற நேரம்.

கழுத்தைக் கழற்றினேன்.
அடிமரத்தில் பதிந்திருந்த வருடம்
எழுபத்திரண்டு.

டொராண்டோக் கடைப் பெடியன்
டோர்ச் அடித்துப் பார்த்துச் சொன்னான்:
உடம்பு ஒன்று, கழுத்து வேறு. பாதி விலை.
ஒட்டு மரம் என்று எங்கள் பக்கம் சொல்லுவோம்.
ஒட்டு மாங்காய்க்கு விலை கூட.
அதை அவனுக்குச் சொல்லி என்ன.
என் கடவுச்சீட்டிலும் ஜனவரி ஒன்று என்றுதான் கிடக்கிறது.
கொழும்பில் எவனோ ஏஜென்சிக்காரன்
அவசரத்தில் போட்ட பிறந்தநாள்.
அம்மாவுக்கு நினைவிருந்ததெல்லாம்
ஆடி கழியுமுன் என்பது மட்டும்.

எழுபத்திரண்டின் கழுத்தில்
மூன்றாம் மெட்டும் ஐந்தாம் மெட்டும் பள்ளம்.
பன்னிரண்டுக்கு மேலே யாரும் மிதிக்காத பனி.
மனுஷன் கீழேயே சீவித்திருக்கிறார்.
நான் மேலே போகத்தான் பார்க்கிறேன்.
இடக்கை தானாக இறங்கி
அந்தப் பள்ளத்தில் போய் இருக்கிறது.
அடிக்கம்பியை மீட்டினால்
குசினி அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசும்.
ஏழாம் மெட்டில் மட்டும் மேல்கம்பி
பிறந்தவுடன் செத்துப்போகும்.
அதற்கு மருந்தில்லை, சுற்றிப் போகப் பழகவேண்டும்.

காசு பற்றிக் கதைக்கத்தான் ஃபோன் எடுத்தேன்.
தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன், கோபம் வந்தால் இங்கிலீஷ் என்னைக் கைவிடும் என்று.
"ஆ, கழுத்தா" என்றார்.
டிம்மின்ஸில் ஒரு ஹோட்டல் படிக்கட்டு, ஐஸ்,
டிரம்ஸ் அடிக்கிற ரேமோ மேலே விழுந்தானாம்.
"மறந்தே போனேன். அதோடுதானே ஐம்பது வருடம் வாசித்தேன்."
பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை.
"கொஞ்சம் வாசி, கேட்கிறேன்."

ஃபோனை ஆம்ப் மேல் வைத்தேன்.
அவருடைய பள்ளங்களில், மெதுவாக, பதினாறு தட்டு.
கோப்பைகள் நடுங்கின.
எடுத்து, கேட்டதா என்றேன்.

"இந்த ஃபோனில் அடிச்சத்தம் ஏறாது" என்றார்.
"நோட் ஒன்றும் வரவில்லை.
விரல் மட்டும் கேட்கிறது.
நிறுத்தாதே."